பழைய லென்சா, புதிய லென்சா? ஒரு மெல்லிய பூச்சின் வரலாறு

காமிராவுக்கு லென்சு வாங்கப் புறப்படுபவருக்கு இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கும். "அந்தக் காலத்து ஜெர்மன் லென்சுக்கு ஈடே கிடையாது" என்பார் ஒருவர். "அறுபது வருடத்துப் பழைய கண்ணாடிக்கா காசு கொடுப்பது?" என்பார் மற்றொருவர். இருவரும் உறுதியாகவே பேசுவர். ஆனால் ஏன் என்று கேட்டால் இருவரிடமும் தெளிவான விடை இராது.

இந்த வினா ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா வைத்திருப்போருக்கு மிகவும் பொருந்தும். 1930களில் செய்யப்பட்ட லைக்கா லென்சு ஒன்றை, ஒரு சிறு இணைப்பு வளையத்தின் உதவியால், இன்று விற்கும் டிஜிட்டல் லைக்காவிலும் பொருத்தலாம். தாத்தாவின் லென்சும் பேரனின் லென்சும் ஒரே காமிராவுக்குப் போட்டியிடுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? விலையையும் பெயரையும் சற்று ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு லென்சும் எந்த இடையூறைச் சமாளிப்பதற்காக அந்த வடிவத்தைப் பெற்றது என்று பார்ப்போம். வரலாறு தெரிந்துவிட்டால் தேர்வு எளிதாகிவிடும்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது யாது?

ஒரு விரலை முகத்துக்கு முன் நிறுத்தி, இடக் கண்ணாலும் வலக் கண்ணாலும் மாறி மாறிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். விரல் அருகில் இருந்தால் பெயர்ச்சி அதிகம். தொலைவில் இருந்தால் குறைவு. இந்தத் தத்துவமே ரேஞ்ச்ஃபைண்டரின் அடிப்படை. காமிராவின் முகப்பில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சாளரங்கள் உள்ளன. அவற்றின் வழியே வரும் இரண்டு பிம்பங்களும் நம் கண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். லென்சைச் சுழற்றும்போது ஒரு பிம்பம் நகரும். இரண்டும் சரியாகப் பொருந்தும் நிலையில் லென்சு அந்தத் தொலைவுக்குக் குவியப்படுத்தப்பட்டிருக்கும்.

இந்த அமைப்பால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, லென்சுக்கும் பிலிமுக்கும் இடையில் அசையும் கண்ணாடி எதுவும் இல்லை. ஆகவே லென்சின் பின்பகுதி பிலிமுக்கு மிக அருகே செல்லலாம். இரண்டாவது, நாம் லென்சின் வழியே பார்ப்பதில்லை. ஆகவே லென்சின் குறை எதுவும் படம் எடுக்கும்போது நம் கண்ணுக்குத் தெரியாது. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஒற்றைக் கண்ணாடி ஏன் போதாது?

ஒரே ஒரு குவிலென்சைக் கொண்டும் பிம்பம் பெறலாம். ஆனால் அதன் விளிம்பின் வழியே செல்லும் கதிர்களும் நடுவின் வழியே செல்லும் கதிர்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. இது கோளப் பிறழ்ச்சி. நீல ஒளியும் சிவப்பு ஒளியும் வெவ்வேறு இடங்களில் குவிகின்றன. இது நிறப் பிறழ்ச்சி. படத்தின் மூலையில் விழும் ஒளிப்புள்ளி வால்மீன் போல வால் முளைத்து நிற்கும். இதற்குக் கோமா என்று பெயர். லென்சின் துளையைப் பெரிதாக்கினால் ஒளி கூடும். இந்தக் குறைகளும் கூடவே பெருகும்.

இவற்றைத் திருத்த ஒரே வழி, பல கண்ணாடிகளைச் சேர்த்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடு செய்வது. 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் தம் உருவப்பட லென்சைக் கணக்கிட்டபோது, பீரங்கிப் படையில் கணக்குத் தேர்ந்த வீரர்கள் சிலர் அவருக்கு உதவியாக அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு பரப்பிலும் எவ்வளவு விலகும் என்று மடக்கை அட்டவணையை வைத்துக் கணக்கிட வேண்டிய காலம் அது.

1896இல் ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ப், பிளானார் என்ற லென்சை வடிவமைத்தார். ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக, நடுவிலுள்ள துளைக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒத்த வடிவில் அமைந்திருந்தன. பிறழ்ச்சிகளைத் திருத்துவதில் இது மிகச் சிறந்த வடிவம். ஆயினும் அடுத்த பல ஆண்டுகளுக்கு இது பெரிதும் பயன்படவில்லை. 1902இல் அதே ருடால்பின் குழு அளித்த நான்கு கண்ணாடி டெசார் லென்சே உலகெங்கும் பரவியது. சிறந்தது பின்தங்கி, எளியது முந்தியது ஏன்?

ஒரு சிறு கணக்கு

ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும், கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேறும்போதும், ஒவ்வொரு முறையும் அதில் ஏறத்தாழ 4 சதவீதம் எதிரொளிக்கப்படுகிறது. இரவில் சன்னல் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிவது இதனால்தான். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிவிட்டால் ஒட்டிய இடத்தில் இந்த எதிரொளிப்பு மிகச் சிறிதே.

ஆகவே நாம் எண்ண வேண்டியது கண்ணாடிகளை அல்ல, காற்றைத் தொடும் பரப்புகளை. ஒட்டிய கண்ணாடிகளை ஒரே தொகுதியாகக் கொண்டால், ஒரு தொகுதிக்கு இரண்டு பரப்புகள். மூன்று தொகுதிகளுக்கு 6 பரப்புகள். நான்கு தொகுதிகளுக்கு 8. ஆறு தொகுதிகளுக்கு 12.

ஒவ்வொரு பரப்பும் 96 சதவீத ஒளியையே கடத்தினால், 6 பரப்புகளைக் கடந்து வருவது 78 சதவீதம். 8 பரப்புகள் என்றால் 72 சதவீதம். 12 பரப்புகள் என்றால் 61 சதவீதம் மட்டுமே.

ஒளி குறைவது கூடப் பெரிய தீமை அன்று. சற்று அதிக நேரம் திறந்து வைத்தால் சரியாகிவிடும். எதிரொளித்த ஒளி எங்கே செல்கிறது என்பதுதான் சிக்கல். ஒரு பரப்பில் திரும்பிய ஒளி, அதற்கு முன்னுள்ள மற்றொரு பரப்பில் மீண்டும் திரும்பிப் பிலிமை நோக்கியே வருகிறது. அது வரக்கூடாத இடத்தில் விழுந்து, நிழலை வெளுக்கச் செய்கிறது. சில சமயம் விளக்கின் போலி உருவைத் தோற்றுவிக்கிறது. இத்தகைய இரட்டை எதிரொளிப்புக்கு இரண்டு பரப்புகள் தேவை. 6 பரப்புகளிலிருந்து 15 இணைகளைத் தேர்ந்தெடுக்கலாம். 8 பரப்புகளிலிருந்து 28. 12 பரப்புகளிலிருந்து 66. ஒவ்வோர் இணையும் ஒரு போலி உருவுக்கு வாய்ப்பு. பிளானார் பின்தங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

லைக்காவும் கான்டாக்ஸும்

1925ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தச் சந்தையில் லைட்ஸ் நிறுவனத்தின் லைக்கா காமிரா அறிமுகமாயிற்று. ஆஸ்கர் பார்னாக் திரைப்படச் சுருளைப் பயன்படுத்தி உருவாக்கிய சிறு காமிரா அது. மாக்ஸ் பெரெக் அதற்கு லென்சு அமைத்தார். விரைவில் அதன் இடத்தைப் பிடித்த எல்மார் என்ற 50 மில்லிமீட்டர் லென்சில் நான்கு கண்ணாடிகள், மூன்று தொகுதிகள். அதன் பெரும துளை எஃப்/3.5. பகல் வெளிச்சத்துக்கு அது போதும், இரவுக்குப் போதாது.

1932இல் ரேஞ்ச்ஃபைண்டர் இணைந்த லைக்கா வெளிவந்தது. அதே ஆண்டில் சைஸ் ஐக்கான் நிறுவனம் கான்டாக்ஸ் காமிராவுடன் போட்டிக்கு வந்தது. அதற்காக லுட்விக் பெர்ட்டெலே என்ற வடிவமைப்பாளர் சோனார் லென்சை அளித்தார். ஏழு கண்ணாடிகள் கொண்ட எஃப்/1.5 சோனாரிலும் தொகுதிகள் மூன்றே! மும்மூன்றாகக் கண்ணாடிகளை ஒட்டி, காற்றைத் தொடும் பரப்புகளை ஆறுக்குள் அடக்கினார் அவர். எல்மாரைவிட ஐந்து மடங்குக்கு மேல் ஒளி பெறும் லென்சில், எல்மாரில் உள்ள அளவே பரப்புகள். எதிரொளிப்பு என்ற எதிரிக்கு அந்தக் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த விடை இதுதான்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பரப்புகள் குறைந்தால் பிறழ்ச்சிகளைத் திருத்தும் வாய்ப்பும் குறையும். சோனாரைப் பெரிய துளையில் குவியப்படுத்தி, பிறகு துளையைச் சிறிதாக்கினால், குவியம் சற்று இடம்பெயரும். எஞ்சியுள்ள கோளப் பிறழ்ச்சியே காரணம். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்சின் வழியே பார்ப்பதில்லை என்று முன்பு கூறினோம் அல்லவா? ஆகவே இந்தப் பெயர்ச்சி படம் கழுவிய பிறகே தெரியவரும்.

மங்கிய கண்ணாடி கற்பித்த பாடம்

இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்சு வடிவமைப்பாளர் 1890களில் ஒரு வியப்பைக் கண்டார். காற்றுப்பட்டுப் பரப்பு மங்கிப்போன பழைய லென்சு, புதிய பளபளப்பான லென்சைவிட அதிக ஒளியைக் கடத்தியது! அதற்கு முன்பே, 1886இல், ராலே பிரபுவும் பழைய கண்ணாடிப் பரப்புகள் குறைவாக எதிரொளிப்பதைக் கவனித்திருந்தார். டெய்லர் கண்ணாடியை வேதிப்பொருளால் செயற்கையாக மங்கச் செய்து, 1904இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் எல்லா வகைக் கண்ணாடியும் ஒரே மாதிரி மங்கவில்லை. ஆகவே முறை பரவவில்லை.

1935இல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மக்குலா இதற்கு நம்பத்தகுந்த வழி கண்டார். வெற்றிடத்தில் ஒரு பொருளை ஆவியாக்கி, லென்சின் மீது மெல்லிய படலமாகப் படியச் செய்தார். படலத்தின் மேற்பரப்பில் ஓர் எதிரொளிப்பு. அதன் அடியில் கண்ணாடியைத் தொடுமிடத்தில் இன்னொன்று. படலத்தின் தடிமன் அதனுள் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், கீழிருந்து திரும்பும் அலை அரை அலைநீளம் பின்தங்கி வரும். ஒன்றன் முகடும் மற்றொன்றின் அகடும் சந்தித்து இரண்டும் அழிகின்றன. அந்த ஆற்றல் மறைந்துவிடுவதில்லை. லென்சின் ஊடே முன்னோக்கிச் செல்கிறது.

பிற்காலத்தில் பெரிதும் பயன்பட்ட மக்னீசியம் ஃபுளோரைடுக்கு ஒளிவிலகல் எண் 1.38. பச்சை ஒளிக்கு வேண்டிய தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்தப் பூச்சால் சாதாரணக் கண்ணாடியின் எதிரொளிப்பு 4 சதவீதத்திலிருந்து சுமார் 1.3 சதவீதமாகக் குறைகிறது. இரட்டை எதிரொளிப்பின் வலிமையோ, 625இல் ஒரு பங்காக இருந்தது, ஏறத்தாழ 6000இல் ஒரு பங்காகிறது. நம் முந்தைய கணக்கைத் திரும்பச் செய்தால், 12 பரப்புகள் உள்ள லென்சும் இப்போது 85 சதவீத ஒளியைக் கடத்தும். பூச்சில்லாத சோனாரை அது முந்திவிடுகிறது!

பூச்சுக்குப் பின்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பூச்சு பொதுவழக்கமாயிற்று. பரப்புகளை எண்ணி அஞ்ச வேண்டிய காலம் முடிந்தது. அரை நூற்றாண்டு காத்திருந்த பிளானார் வடிவம் அரியணை ஏறியது. 1953இல் வந்த லைக்காவின் 50 மில்லிமீட்டர் சம்மிக்ரான் அந்த வழியில் வந்ததே. அதில் ஏழு கண்ணாடிகள், ஆறு தொகுதிகள், 12 பரப்புகள். லாந்தனம் சேர்ந்த புதுவகைக் கண்ணாடியும் அதற்குத் துணை நின்றது. அதே 1953இல் கான்ராட் சூசே உருவாக்கிய கணிப்பொறி ஒன்று லைட்ஸ் நிறுவனத்தில் லென்சுக் கணக்குகளைச் செய்ய வந்து சேர்ந்தது. மடக்கை அட்டவணைக்கு ஓய்வு கிடைத்தது.

சோனார் உடனே மறைந்துவிடவில்லை. 1950இல் டோக்கியோவில் இருந்த அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானிய நிக்கார் லென்சுகளின் கூர்மையைக் கண்டு வியந்து, கொரியப் போரில் அவற்றையே பயன்படுத்தினார். உலகம் ஜப்பானிய லென்சுகளைத் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். அவரைக் கவர்ந்த 85 மில்லிமீட்டர் நிக்கார் சோனார் வழி வந்ததே. சோவியத் நாட்டின் ஜூப்பிட்டர் லென்சுகளும் சோனாரின் வாரிசுகளே. ஆனால் லென்சின் வழியே பார்க்கும் எஸ்.எல்.ஆர். காமிராக்கள் பெருகியதும், பிலிமுக்கு அருகே நிற்க வேண்டிய 50 மில்லிமீட்டர் சோனாருக்கு இடமில்லாமல் போயிற்று. அசையும் கண்ணாடிக்கு வழிவிட வேண்டுமே!

அதன் பிறகு வந்த முன்னேற்றங்கள் இரண்டு. கோள வடிவல்லாத பரப்பை 1966இலேயே லைக்காவின் எஃப்/1.2 நாக்டிலக்ஸ் லென்சில் கையால் தேய்த்து உண்டாக்கினர். பின்னர் அது இயந்திரத்தால் இயன்றது. 1970களில் பல அடுக்குப் பூச்சு பரவியது. பரப்பு ஒன்றுக்கு அரை சதவீதமே எதிரொளிப்பு என்று கொண்டால், 12 பரப்புகளையும் தாண்டி 94 சதவீத ஒளி வந்து சேர்கிறது.

திருவண்ணாமலையில் ஒரு லைக்கா

இவ்வளவு கணக்கும் நல்ல படத்துக்கு உறுதி தருமா? பிரெஞ்சுப் படக்கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்கு, மகரிஷி மறைந்த வேளையில், வால் கொண்ட ஓர் ஒளி மெதுவாக வானில் நகர்ந்து அருணாசல மலைக்குப் பின் மறைந்ததைக் கண்டதாகவும் அவர் கூறியுள்ளார்.

தம் வாழ்நாளின் பெரும்பகுதியை லைக்காவுடனும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்சுடனும் கழித்தவர் அவர். பிளாஷ் விளக்கை அவர் விரும்பவில்லை. 1948 ஜனவரி 30 இரவு, காந்தியடிகளின் மறைவை நேரு பிர்லா மாளிகை வாயிலில் அறிவிக்கும் படத்தைப் பாருங்கள். அதில் மங்கலும் கலங்கலும் உண்டு. ஆயினும் அந்த இரவின் துயரத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் அரிது. லென்சு கலையைத் தருவதில்லை. கலைஞன் செல்லும் இருளுக்குள் எவ்வளவு தூரம் அவனுடன் வர முடியும் என்பதையே அது முடிவு செய்கிறது.

சிவகாசி சொல்லும் விடை

வேலைக்கேற்ற லென்சு என்பதற்கு நம் விருதுநகர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகி வீடுதோறும் சென்றன. ஸ்கேனர் வருவதற்கு முன், வண்ண ஓவியத்தை நிறவடிகட்டிகள் வழியே தனித்தனிப் படங்களாக எடுக்க அச்சுத் தொழிலில் பெரிய காமிராக்கள் இருந்தன. அவற்றின் லென்சுக்கு எஃப்/9 போன்ற சிறிய துளையே போதும். ஆனால் சிவப்பு, பச்சை, நீலப் படங்கள் மூன்றும் இம்மியும் பிசகாமல் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லையேல் முருகனின் வேலுக்கு வண்ண விளிம்பு முளைத்துவிடும். நிறப் பிறழ்ச்சியை ஒழித்த அந்த லென்சை இரவுத் திருவிழாவுக்கு எடுத்துச் சென்றால் பயன் இல்லை. அதன் வேலை வேறு.

அதே சிவகாசியின் வாணவேடிக்கைதான் லென்சுக்கு மிகக் கடினமான தேர்வு. கரிய வானில் கண்ணைப் பறிக்கும் ஒளிப்புள்ளிகள். ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பு, பேரியத்தின் பச்சை. ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு இங்கு உச்சம். பூச்சில்லாத லென்சில் கரிய வானம் சாம்பல் பூக்கும். துளையை முழுதும் திறந்தால் மூலைகளில் உள்ள பொறிகள் கோமாவால் வால் பெறும். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலில் இரவில் வரும் தீச்சட்டிகளும் இத்தகையனவே. இவற்றுக்குப் பல அடுக்குப் பூச்சும் கோளமல்லாப் பரப்பும் கொண்ட புதிய லென்சு ஏற்றது.

பகலில், கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தையோ தெருவில் விளையாடும் சிறுவரையோ எஃப்/8 துளையில் எடுக்கப் போகிறீர்களா? பழைய எல்மாரும் ஜூப்பிட்டரும் உங்களைக் கைவிடமாட்டா. புதிய லென்சின் படத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண அளவுப் படத்தில் காண்பது அரிது. நிழலில் அமர்ந்த பாட்டியின் முகத்துக்குப் பழைய சோனாரின் எஞ்சிய கோளப் பிறழ்ச்சி மென்மை தரும். அதில் மந்திரம் ஏதும் இல்லை. அது பெர்ட்டெலே திருத்தாமல் விட்ட பகுதி. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. பிலிமுக்கு மிக அருகே நிற்கும் பழைய அகலக்கோண லென்சுகள், டிஜிட்டல் உணரியின் ஓரங்களுக்குக் கதிர்களை மிகச் சாய்வாக அனுப்புகின்றன. அங்கே படம் கலங்கலாம், நிறமும் மாறலாம். பிலிமில் இந்தத் தொல்லை குறைவு.

வாங்குமுன் நீங்களே சோதியுங்கள்

ஒரு விளக்கின் அடியில் லென்சைச் சாய்த்து, அதில் தெரியும் விளக்கின் பிம்பங்களைப் பாருங்கள். எல்லாம் வெள்ளையாக இருந்தால் பூச்சு இல்லை. நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் ஒற்றைப் பூச்சு. பச்சையும் ஊதாவுமாகப் பல நிறங்கள் தெரிந்தால் பெரும்பாலும் பல அடுக்குப் பூச்சு.

லென்சின் துளையை முழுதும் திறந்து, பின்புறமிருந்து கைவிளக்கின் ஒளியைச் செலுத்திப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் மூடிய தோலுறைக்குள் இருந்த லென்சில் இது எளிதில் வளரும். பூஞ்சை கண்ணாடியையே அரித்திருந்தால் துடைத்தும் பயன் இராது.

பத்துத் தீப்பெட்டிகளைச் சாய்வான வரிசையில் நிறுத்தி, நடுப்பெட்டிக்குக் குவியப்படுத்தி, முழுத் துளையில் ஒரு படமும் எஃப்/4இல் ஒரு படமும் எடுங்கள். கூர்மை வேறொரு பெட்டிக்கு மாறியிருந்தால் குவியப் பெயர்ச்சி இருக்கிறது. முழுத் துளையிலேயே நடுப்பெட்டி கூர்மையாக இல்லையென்றால், ரேஞ்ச்ஃபைண்டரும் லென்சும் ஒத்திசைந்துள்ளனவா என்று பழுது பார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.

இறுதியாக, இரவில் ஒரு கம்பி மத்தாப்பை ஏற்றி ஒருவர் பாதுகாப்பாகப் பிடித்திருக்க, அதைப் படத்தின் நடுவில் ஒரு முறையும் மூலையில் ஒரு முறையும் வைத்து எடுங்கள். போலி உரு, வெளுத்த இருள், வால் முளைத்த பொறி ஆகிய மூன்றையும் அந்த இரு படங்களிலேயே பார்த்துவிடலாம். பகலுக்கு மட்டுமே வாங்குகிறீர்கள் என்றால் இந்தக் கடைசிச் சோதனையில் தோற்ற லென்சையும் நீங்கள் குறைந்த விலைக்குத் தயங்காமல் வாங்கலாம்.